கூப்பிட ஒரு பெயர்

பயிற்சியின் முதல் நாள் காலை முழுவதும் நாங்கள் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான் பேசினோம். வரும் பிள்ளைகள் எங்களை என்னவென்று கூப்பிடுவது?

அரியலூர் தனி மாவட்டமாகி, பிறகு மறுபடியும் பெரம்பலூரோடு சேர்ந்துவிட்ட சமயம் அது. அரியலூரில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு தொண்டு நிறுவனம் பிள்ளைகளுக்கான மனநல மையம் நடத்தியது. மனநலம் படித்த மேடம் ஒருவர் திருச்சியிலிருந்து வந்து போவார். அவர் ஒருவரால் எல்லா ஊர்ப் பிள்ளைகளையும் பார்க்க முடியவில்லை. அதனால் பத்தாவது, பன்னிரண்டாவது படித்த உள்ளூர் ஆட்கள் சிலரைச் சேர்த்து, ஒரு வருடம் பழக்கி, தன் மேற்பார்வையில் பிள்ளைகளைப் பார்க்க வைப்பது அவருடைய திட்டம்.

நான் பெரம்பலூரில் ஒரு மாணவர் விடுதியில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாவது பாஸ். அரிசி, பருப்பு அளந்து கொடுப்பதும் மூட்டைகளில் எலி புகாமல் பார்த்துக்கொள்வதும் வேலை. விடுதியில் சின்னப் பையன்கள் சிலர் தூக்கத்தில் பாயை நனைத்துவிடுவார்கள். மற்ற பையன்கள் பார்த்தால் கேலி செய்வார்கள் என்று, விடிந்ததும் அந்தப் பாய்களை எடுத்துப்போய் ஸ்டோருக்குப் பின்னால் அலசிக் காயப்போடுவேன். அதைப் பற்றி அந்தப் பையன்களிடம்கூட ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு யாரிடமும் பேச வராது. ஒருமுறை விடுதிக்கு வந்த மேடம் அந்தப் பாய்களைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். சனிக்கிழமைகளில் அரியலூருக்கு வர முடியுமா என்று கேட்டார்.

"எனக்குப் பேச வராதுங்க" என்றேன்.

"வந்து பேசாமயே ஒக்காந்திருங்க. புடிக்கலன்னா அடுத்த வாரம் வராதீங்க, அவ்வளவுதான்" என்றார்.

விடுதிச் சமையல்காரருக்கு விஷயம் தெரிந்ததும் எனக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார். "என்னய்யா மனசு கம்பவுண்டரு, எனக்கும் ஒரு ஊசி போட்டுவுடு. எம் பொண்டாட்டி பேசுறது காதுல வுழாம இருக்கணும்" என்பார். நான் சிரித்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விடுவேன்.

அந்த முதல் நாளில் மேடம், "சார், டீச்சர் எதுவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். சார் என்றதும் பிள்ளை தன்னை அறியாமல் கையை நீட்டிவிடும், அடி வாங்க. டாக்டர் என்றால் ஊசி ஞாபகம் வரும். அங்கிள் என்று கூப்பிடச் சொன்னால் கிராமத்துப் பிள்ளைகள் சிரிக்கும்.

லப்பைக்குடிகாட்டிலிருந்து ஓர் அம்மா பயிற்சிக்கு வந்திருந்தார். கணவர் துபாயில் இருந்தார். எங்கள் கூட்டத்தில் வாய் ஓயாதவர் அவர்தான். என்னைக் காட்டி, "எங்க பக்கமா இருந்தா சாச்சான்னு, அதான் சித்தப்பான்னு, கூப்புடச் சொல்லலாம். ஆனா இவரு மூஞ்சிக்குச் சாச்சா ஒட்டாது மேடம். சாச்சான்னா கொஞ்சமாச்சும் மெரட்டணும்" என்றார்.

கடைசியில், பெண்கள் எல்லாரும் அக்கா, ஆண்கள் எல்லாரும் மாமா என்று முடிவாயிற்று. அது இயல்பானதுதான். தெருவில் வழி கேட்கிறவரையும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்கிறவரையும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மாமா என்றுதான் சொல்லும். மேடத்துக்கும் திருப்தி. எங்களில் யாருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

பிறகு வகுப்புகள் நடந்தன. பிள்ளைக்கு முன்னால் நாற்காலியில் உட்காராமல் பாயில் உட்காருவது. 'எல்லாம் சரியாப் போயிடும்' என்று அவசரப்பட்டுச் சொல்லாமலிருப்பது. பிள்ளை சொன்னதை அதன் வார்த்தைகளிலேயே திருப்பிச் சொல்லி, நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று காட்டுவது. இந்தக் கடைசிப் பாடத்தை எனக்குக் கிடைத்த முதல் பையனிடம் செய்து பார்த்தேன். அவன், "எனக்கு அந்த ஸ்கூல் புடிக்கல" என்றான். நான், "ஒனக்கு அந்த ஸ்கூல் புடிக்கல" என்றேன். "வாத்தியாரு அடிக்கிறாரு" என்றான். "வாத்தியாரு அடிக்கிறாரு" என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எதுக்குப் பழிப்புக் காட்டுறீங்க?" என்று கேட்டு எழுந்து போய்விட்டான். மேடம் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "தப்பு என்னோடது. புஸ்தகத்துல இருந்தத அப்படியே சொல்லிட்டேன். 'அடிப்பாரா?'ன்னு கேட்டு, சும்மா 'ம்' போடுங்க. அது போதும்" என்றார். 'ம்' போடுவது எனக்குக் கைவந்த விஷயம்.

பயிற்சி பாதியைத் தாண்டியபோது அந்தப் பெண் வந்தாள்.

கீழப்பழுவூர் பக்கத்தில் ஒரு கிராமம். ஒன்பதாம் வகுப்பு. வயதுக்கு வந்து சில மாதம் ஆகியிருந்தது. சடங்கு முடிந்த பிறகு அவளுக்கு மயக்கம் வர ஆரம்பித்தது. திடீரென்று கை கால் விறைத்து விழுந்துவிடுவாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, ஒன்றும் தெரியாததுபோலப் பார்ப்பாள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். திருச்சிக்குக் கூட்டிப்போய்த் தலையில் படமெடுத்துப் பார்த்தார்கள். நரம்பில் ஒரு கோளாறும் இல்லை என்றார் டாக்டர். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை விழுந்ததும், சரியான பிறகு அனுப்புங்கள் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தையில் அவளுக்குப் பரிசம் போட வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தைக்கு முன்னால் அவள் தேறிப் பள்ளிக்கூடம் போகாவிட்டால் பிறகு போகவே மாட்டாள் என்பது, அவள் அம்மா சொன்னதிலிருந்தே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. பதினான்கு வயதுப் பெண்ணுக்குப் பரிசம் என்றதும் மேடத்தின் முகம் மாறியது. ஆனால் முதலில் அவள் பேசட்டும் என்று இருந்தார்.

அவளுக்கு அப்பா இல்லை. அம்மாவின் தம்பிதான் குடும்பத்தைத் தாங்கினார். சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் லாரியில் டிரைவர். அக்காவையும் அந்தப் பெண்ணையும் அவர்தான் பஸ்ஸில் கூட்டி வருவார். உள்ளே வராமல் வாசல் படியில் உட்கார்ந்து பேப்பர் பார்ப்பார். பரிசம் அவருக்கும் அந்தப் பெண்ணுக்கும்தான். எங்கள் பக்கத்தில் அக்காள் மகளைக் கட்டுவது புதிதில்லை.

முன்பு மையத்தில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த பயிற்சி அக்கா பிரசவத்துக்குப் போய்விட்டதால் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்காருவோம். ஹாலில் அவள் அம்மா கண்ணில் படுகிற தூரத்தில் இருப்பார். முதல் வாரம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. கிரேயான் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, நிற வரிசையில் அடுக்கிவிட்டுப் போனாள். எனக்கு அது பெரிய கஷ்டமாக இருக்கவில்லை. ஆனால் சும்மா உட்கார்ந்து அனுப்பிவிட்டோமே, மேடம் என்ன நினைப்பாரோ என்று இருந்தது.

அதனால் அடுத்த வாரம் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு நானாகப் பேசினேன். நம் ஊரில் பெரியவர்கள் பிள்ளைகளிடம் பேசுகிறபடியேதான் பேசினேன். "பயப்படாதம்மா. மாமா இருக்கேன்ல. மாமாகிட்ட எது வேணும்னாலும் சொல்லலாம்."

அவள் கையிலிருந்த கிரேயான் உருண்டது. விரல்கள் விறைத்தன. பக்கவாட்டில் அப்படியே சாய்ந்துவிட்டாள்.

அம்மா ஓடி வந்தார். சத்தம் கேட்டுத் தம்பியும் வாசலிலிருந்து ஓடி வந்தார். வந்தவர் கதவருகிலேயே நின்றுவிட்டார். இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு, "யக்கா, தலைய நிமித்து. யக்கா, தலைய" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அவளைத் தொடவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் மேற்பார்வைக் கூட்டத்தில் மேடம், "என்ன நடந்துச்சோ, அத அப்படியே சொல்லுங்க. நீங்க சொன்ன வார்த்தையையும் மாத்தாம சொல்லுங்க" என்றார். சொன்னேன். எல்லாரும் கேட்டார்கள். யாருக்கும் அதில் ஒன்றும் தட்டுப்படவில்லை. மாமா என்பது எங்களுக்கு அப்போது போட்டுக்கொள்ளும் சட்டை மாதிரி ஆகிவிட்டிருந்தது. ஓர் ஆண் முன்னால் உட்காருவதே அவளுக்குச் சங்கடமோ என்று மேடம் யோசித்தார். லப்பைக்குடிகாட்டு அம்மா தான் பார்ப்பதாகச் சொன்னார். எனக்கும் அதுதான் நல்லதென்று தோன்றியது. இந்த வேலையே நமக்கு வேண்டாம், ஸ்டோரும் எலியும் போதும் என்றும் தோன்றியது.

"அவளையே கேட்டுருவோம்" என்றார் மேடம்.

அடுத்த சனிக்கிழமை கேட்டார். "இந்த அக்காகிட்ட உக்காந்துக்கிறியா, இவர்கிட்டயே இருக்கியா?" அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நான் வழக்கமாக உட்காரும் பாயில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொன்னதில்லை.

அன்றைக்கு நான் வாயைத் திறப்பதில்லை என்ற முடிவோடு இருந்தேன். விளையாட்டுச் சாமான் டப்பாவில் புளியங்கொட்டைகள் இருந்தன. வீட்டில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு கொட்டை வைக்கச் சொல்வது நாங்கள் கற்றுக்கொண்ட ஒரு முறை. டப்பாவை அவள் பக்கம் தள்ளி, வீட்டில் யார் யார் என்று வைத்துக் காட்டச் சொன்னேன். அவள் பொறுக்கி எடுத்தாள். ஒன்று அம்மா. பக்கத்தில் சின்னதாக ஒன்று, தான். பெரிதாக இன்னொன்றை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள். கடைசியில் பாய்க்கு வெளியே, வெறும் தரையில் வைத்தாள்.

"இது யாரு?"

நான் 'ம்' என்றுகூடச் சொல்லாமல் இருந்தேன்.

"இதுக்குப் பேரு இல்ல" என்றாள். நான் அவள் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் கரகரத்த குரல்.

"பேரு இல்லயா?"

"இருந்துச்சு. மாமான்னு." நிறுத்தினாள். "இப்ப கூப்புட முடியல."

பிறகு விட்டு விட்டுச் சொன்னாள். சடங்கன்றைக்கு மாமா தட்டுவரிசையோடு வந்து அவளுக்கு மாலை போட்டார். தாய்மாமன் மாலை போடுவது முறைதான். கூட்டத்தில் யாரோ ஒருத்தி, "மாலை போட்டாச்சு, தாலிதான் பாக்கி" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் மாமா என்று வாயெடுத்தாலே, "பாரு, அதுக்குள்ள எப்புடி நீட்டி மொழக்கிக் கூப்புடுது" என்று பெண்கள் கிண்டல் செய்தார்கள். முன்பு அவள் மாமா என்று கூப்பிட்டால், அது சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவரை, காய்ச்சலுக்கு ரொட்டி வாங்கி வந்தவரை. இப்போது அதே வார்த்தை வேறொரு ஆளைக் கூப்பிடுகிறது. அதனால் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. சாப்பிட வரச் சொல்வதற்கும் அம்மா மூலமாகத்தான்.

"மாமாவும் என்னப் பாத்து முன்ன மாதிரி பேசுறதில்ல" என்றாள்.

போன வாரம் நான் ஒரே மூச்சில் அந்த வார்த்தையை எத்தனை முறை அவளிடம் சொன்னேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவளே கேட்டாள். "ஒங்களயும் அப்புடித்தான் கூப்புடணுமா?"

"வேணாம்மா. ஒனக்கு எது வருதோ அப்படிக் கூப்புடு. கூப்புடாட்டியும் பரவால்ல."

அவள் யோசித்தாள். "சார்னு கூப்புடுறேன். ஸ்கூல்ல மாதிரி."

மையத்தின் விதிப்படி அது கூடாத பெயர். சரி என்றேன்.

கிளம்பும் முன்னால், கற்றுக்கொடுத்தபடி அவளிடமே கேட்டேன். இதில் எதை வீட்டாரிடம் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம்? கொட்டைகளை டப்பாவில் போட்டபடியே சொன்னாள். "மாமாகிட்ட கோவம் இல்லன்னு மொதல்ல சொல்லுங்க. அப்பறமா மத்தத சொல்லுங்க."

"மத்ததுன்னா?"

"எனக்கு மாமா வேணும் சார். கல்யாணம் வேணாம்."

மேடத்திடம் சொன்னபோது மற்றவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். லப்பைக்குடிகாட்டு அம்மாதான், "நாமளும் ஊர்ப்பட்ட மாமாவ உண்டாக்கி வெச்சோமே" என்றார். அன்றோடு அந்த விதியை எடுத்துவிட்டோம். பிள்ளைகளே பெயர் வைக்கட்டும் என்று விட்டதில், எனக்கு ஒரு சின்னப் பையன் 'பாய்த் தாத்தா' என்று வைத்தான். பாயில் உட்காருகிறவன் என்று அர்த்தம். எனக்கு அப்போது தலை பாதி நரைத்திருந்தது.

ஆனால் பெரிய வேலை பாக்கி இருந்தது. அம்மாவையும் தம்பியையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேச வேண்டும். "சட்டம் என்ன சொல்லுது, இந்த வயசுல ஒடம்புக்கு என்ன ஆவும், அதெல்லாம் நான் சொல்றேன். அவ சொன்னத நீங்கதான் சொல்லணும். ஒங்ககிட்டதான சொன்னா" என்றார் மேடம். அந்தப் பேச்சுக்கு முந்தைய நாள் விடுதியில் அரிசி அளக்கும்போது அந்த இரண்டு வாக்கியங்களையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்து, எத்தனை படி போட்டேன் என்பது தப்பி, மறுபடி அளந்தேன்.

அன்றைக்குத் தம்பி முதல்முறையாக உள்ளே வந்து உட்கார்ந்தார். காக்கிச் சட்டையில் சுண்ணாம்புத் தூசி. மேடம் பேசி முடித்ததும் என்னைப் பார்த்தார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "பாப்பா ஒங்ககிட்ட கோவம் இல்லன்னு மொதல்ல சொல்லச் சொல்லுச்சுங்க. அதுக்கு மாமா வேணுமாம். கல்யாணம் வேணாமாம்."

அந்த அம்மா என்மேல் பாய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் பாயவில்லை. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

"சார், நான் ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க. எம் புருஷன் போனப்பறம் இவன் இல்லன்னா நாங்க தெருவுல நின்னுருப்போம். நாளைக்கு இவனுக்கு வெளியிலேர்ந்து ஒருத்தி வருவா. 'ஒங்கக்காவுக்கும் அது மவளுக்கும் நான் எதுக்கு ஆக்கிப் போடணும்'னு கேப்பா. எம் பொண்ணே இந்த வூட்டுக்கு மருமவளா இருந்தா, பெத்தவள வெரட்டுவாளா? தப்பா சொல்றேனா?"

எந்த வகுப்பிலும் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. "தப்பு இல்லங்க. பயமாத்தான் இருக்கும்" என்றேன்.

தம்பிதான் பேசினார். அக்காவைப் பார்க்காமல், கையிலிருந்த பேப்பரை மடித்து மடித்துக்கொண்டே. "மாலை போட்டன்னிக்கே எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சுக்கா. எம் முதுவுல ஏறி வெளையாண்ட புள்ள. நீ சொன்னியேன்னுதான் சரின்னு இருந்துட்டேன்."

"இத வூட்லயே சொல்றதுக்கென்னடா?"

"நீ எங்க சொல்ல வுட்ட? வாயத் தெறந்தாலே அழுவுற."

"இப்ப மட்டும் சிரிக்கிறனா?" என்று சொல்லி, அந்த அம்மா அழ ஆரம்பித்தார். அந்தப் பெண் ஹாலிலிருந்து எட்டிப் பார்த்தாள். தம்பி எழுந்து போய், தண்ணீர்ப் பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு வந்து அக்கா கையில் கொடுத்தார். அந்த அம்மா அதைக் குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பையை எடுத்துக்கொண்டு, எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். மற்ற இருவரும் பின்னால் போனார்கள்.

அதற்குப் பிறகு சில வாரம் அவர்கள் வரவில்லை. அவர்கள் ஊர் வழியாக வரும் ஒவ்வொரு திருமானூர் பஸ்ஸுக்கும் நான் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். பொங்கலும் போயிற்று. காரியத்தைக் கெடுத்துவிட்டோமோ, அவசரமாகப் பரிசம் போட்டுவிட்டார்களோ என்று இருந்தது. அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய் விசாரித்துவிட்டு வந்த மேடம், "கிளாஸ்ல ஒக்காந்திருக்கா. பரிசம் போடல" என்று மட்டும் சொன்னார். பிறகு ஒரு சனிக்கிழமை அவளே வந்தாள். மயக்கம் அடியோடு நிற்கவில்லை. முழுப் பரீட்சை சமயத்தில் ஒருமுறை விழுந்தாள். ஆனால் விழப்போவது அவளுக்கே தெரிந்து, பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ளப் பழகியிருந்தாள். பத்தாம் வகுப்புக்குப் போனதும் வருவது குறைந்தது. அது நல்ல அடையாளம் என்றார் மேடம்.

என் பயிற்சிக் காலம் முடிந்து, நான் மையத்திலேயே வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒரு நாள் அந்த அம்மா மட்டும் வந்தார். உடம்பு இளைத்திருந்தது.

"பாப்பா வரலிங்களா?"

"அதுக்கு ஸ்பெஷல் கிளாஸ் சார். நல்லாத்தான் இருக்கு." நின்றுகொண்டே இருந்தார். "தம்பிக்குத் திருமானூர் பக்கம் பொண்ணு முடிவாயிருக்கு. வைகாசியில கல்யாணம்."

நல்லதுங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"பொண்ணுக்குச் சரியாப் போயிடுச்சு சார். எனக்குத்தான் சோறு எறங்கல. இங்க பெரியவங்களப் பாக்க மாட்டீங்களாமே. தெரியும். சும்மா இந்தப் பக்கம் வந்தேன், அதான்."

உண்மைதான். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு என்று வாசல் போர்டிலேயே எழுதியிருந்தது. மேடம் பக்கத்து அறையில் ஒரு பையனோடு இருந்தார். நான் பாயில் கிடந்த மரக் கட்டைகளை ஒதுக்கிவிட்டு, "ஒக்காருங்க" என்றேன். பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நானும் எதிரில் உட்கார்ந்தேன்.

"வர்றவ நல்ல பொண்ணாத்தான் தெரியுது. பாத்தேன். மரியாதையாத்தான் பேசுறா" என்றார்.

"ம்."

"நல்லவளாவே இருந்தாலும், சமையக்கட்டு ஒண்ணுதான சார்?"

தெருவில் ஒரு கல் லாரி இரைச்சலோடு போயிற்று. அது போய்த் தேயும்வரை காத்திருந்துவிட்டு, அவர் மேலே சொன்னார்.